அடித்துத் திருத்திய வரி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமா? முழங்கால் வலி தேவலையா? இங்கே நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம். போன்ல கூப்பிட்டா "வார்டுல இருக்கேன், அப்புறம் பேசறேன்"னு வச்சிடுறீங்க. அந்த அப்புறம் வர்றதே இல்லை. தலைமை நர்ஸ்னா அப்படித்தான் இருக்கும், குறையாச் சொல்லலை. கடிதம்னா நடுவுல வைக்க முடியாது பாருங்க, அதான் உக்காந்து எழுதறேன்.

எங்க கட்டடத்தை இடிக்கப் போறாங்க. மாடிப்படிக்குக் கீழே தூண்ல கை வச்சா சிமெண்ட் மாவாக் கொட்டுது. அதே இடத்துல புதுசாக் கட்டி, இருக்கிறவங்களுக்கே வீடு தருவாங்களாம். மொத்தம் பதினாறு வீடு. பதினஞ்சு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. எங்க வீடு மட்டும் பாக்கி, ஏன்னா அது உங்க தம்பி பேர்ல இருக்கு. உங்க தம்பி காணாமப் போய் வர்ற மார்ச்சோட பதினோரு வருஷம்.

போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டேன். "கண்டுபிடிக்க இயலவில்லை, வழக்கு நிலுவையில் உள்ளது"ன்னு அதே தாளைக் குடுத்தாங்க. தேதி மட்டும் புதுசு. வக்கீலம்மாகிட்டப் போனேன். ஏழு வருஷத்துக்கு மேல ஒருத்தரைப் பத்தித் தகவலே இல்லைன்னா, இறந்துட்டதாகக் கருதி கோர்ட் உத்தரவு தருமாம். அதுக்கு மனைவி சொன்னாப் போதாது, ரத்த சொந்தம் ஒருத்தர் உறுதிமொழிப் பத்திரம் குடுக்கணும்னு சொல்றாங்க. பாப்பா இன்னும் மைனர், அவ போட முடியாது. அவளை விட்டா அவருக்கு ரத்த சொந்தம்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.

இதை எழுதவே கை வரலை அண்ணி. பாப்பாகிட்டச் சொன்னப்போ மூணு நாள் என்கூடப் பேசலை. அவளுக்குப் பதினேழு ஆகுது. "நீயே அப்பாவைக் கொன்னுடு"ன்னா. ஊர்ல நிறையப் பேர் சொன்ன வார்த்தைதான். இவ வாயிலேர்ந்து வந்தப்போதான் சுட்டது.

பத்திரத்தை இதோட வச்சிருக்கேன். மொத்தமே மூணு வரி. நோட்டரி முன்னால கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. உடம்பைப் பார்த்துக்குங்க.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரியில் ஆய்வுக் குழு வந்திருந்தார்கள். இரண்டு வாரம் தலைக்கு மேல் வேலை. மாடி ஏறி இறங்கி முழங்கால் வீங்கிப் போனது.

நீ எழுதியதைப் படித்தேன். கோர்ட், கச்சேரி என்று ஏன் அவசரப்படுகிறாய்? கட்டடத்துக்காரர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார். வேறு வழி இருக்கும். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. நிதானமாக யோசிக்கலாம் என்கிறேன்.

பாப்பா கணக்கில் கெட்டி என்று முன்பு ஒரு முறை சொல்லியிருந்தாயே, மேலே என்ன படிக்கப் போகிறாள்? அவளைத் திட்டாதே. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு வயிற்றுப் புண் இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் கிடைச்சது. முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. ஊருக்கே வைத்தியம் சொல்றவங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கு.

அவசரம்னு எழுதியிருந்தீங்க. பதினோரு வருஷம் கழிச்சுக் கேக்கிறது அவசரமா அண்ணி?

உங்களுக்கு மறந்திருக்காது. அந்தப் புதன்கிழமை காலையில லிஃப்ட் ரிப்பேருக்குன்னு டூல் பையை எடுத்துட்டுப் போனார். பை மட்டும் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் ரூம்ல கிடைச்சது. முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. பெரிய சண்டைகூட இல்லை, பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறதுன்னு. பக்கத்து வீட்டுக்காரி அதைப் போய்ச் சொல்லிட்டா. அந்த வாரம்தான் எங்க கீழ்த்தளத்து வீட்டுப் பின்கட்டுல துணி துவைக்கிற இடத்துக்குப் புது சிமெண்ட் போட்டிருந்தோம். குழாய் ஒழுகுதுன்னு அவரே பூசினது. இன்ஸ்பெக்டர் அந்த ஈரச் சிமெண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாள் கடப்பாரையோட நாலு பேர் வந்தாங்க.

நீங்க அப்போ என் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு. தெரு மொத்தமும் மதில் மேல நின்னு பார்த்தது. ஆறு வயசுப் பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா கீழேயா இருக்கார்?"னு கேட்டா. இடுப்பளவு தோண்டினாங்க. ஒண்ணும் இல்லைன்னதும் அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. மூடக்கூட இல்லை. நானும் நீங்களும்தான் மண்ணைத் தள்ளினோம்.

அன்னிக்கு என்கூட நின்ன ஒரே ஆள் நீங்க. அந்த நம்பிக்கையிலதான் கேக்கறேன். கட்டடத்துக்காரங்க மே மாசம் வரைக்கும்தான் பொறுப்பாங்க. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். நீ அனுப்பிய பத்திரத்தை மேஜை மேல் வைத்திருந்தேன், தண்ணீர் கொட்டி வீணாகிவிட்டது. இன்னொன்று அனுப்பி வை. பாப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அண்ணி

*

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? இன்னொரு பத்திரம் வச்சிருக்கேன். இதை மேஜை மேல வைக்காதீங்க.

பாப்பா இந்த வருஷமும் நோட்டீஸ் அடிச்சிருக்கா. "காணவில்லை"ன்னு போட்டு, அதே பழைய போட்டோ. வருஷா வருஷம் மார்ச் மாசம் பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல்னு ஒட்டிட்டு வருவா. இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல அவருக்கு நரை வச்சு, கன்னத்தை ஒட்ட வச்சு, இப்போ எப்படி இருப்பார்னு ஒரு படம் பண்ணியிருக்கா. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் உங்க முகம் அண்ணி.

நான் வேலை செய்யற மூக்குக்கண்ணாடிக் கடைக் கதவுலயும் ஒண்ணு ஒட்டியிருக்கா. முதலாளி ஒண்ணும் சொல்லலை. நான் பின்னறையில லென்ஸ் தேய்ச்சுக்கிட்டே நிமிர்ந்தா, கதவுக் கண்ணாடி வழியா அந்தத் தாளோட முதுகு தெரியுது.

இந்த வாரமே அனுப்பிடுங்க. உடம்பைப் பார்த்துக்குங்க.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

மே 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை இதனுடன் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது வரியில் ஒரு சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன். அதனால் ஒன்றும் பாதகமில்லை என்று நோட்டரி சொன்னார். சட்டத்துக்கு இது போதுமாம்.

புது வீடு நல்லபடியாக அமையட்டும். பாப்பாவுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
அண்ணி

*

மே 11

அண்ணிக்கு,

பத்திரம் வந்தது. வக்கீலம்மாகிட்டக் குடுத்தேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு அந்த மூணாவது வரியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், "இவங்க ஏன்மா இதை அடிச்சாங்க?"ன்னு கேட்டாங்க.

டைப் பண்ணியிருந்தது இது: "மேற்படி நபர் வீட்டை விட்டுச் சென்ற நாள் முதல் இன்று வரை அவரை நான் பார்க்கவில்லை, அவரைப் பற்றி எந்தத் தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை." அதுல "வீட்டை விட்டுச் சென்ற நாள் முதல்" என்கிறதை அடிச்சுட்டு, மேலே உங்க கையெழுத்துல "கடந்த ஏழு ஆண்டுகளாக"ன்னு எழுதியிருக்கீங்க.

"சட்டத்துக்கு ஏழு போதும், கோர்ட் ஏத்துக்கும். ஆனா முதல்ல இருந்ததும் உண்மைன்னா, அதை யாரும் அடிக்க மாட்டாங்களே"ன்னாங்க வக்கீலம்மா. "அவங்க ரொம்ப ஜாக்கிரதைக்காரங்க, நர்ஸ் இல்லையா"ன்னு ஏதோ உளறிட்டு வந்துட்டேன்.

எனக்கு வேலையே அரை மில்லிமீட்டர் சமாசாரம்தான் அண்ணி. லென்ஸ்ல அது தப்பினாப் போட்டுக்கிறவங்களுக்குத் தலை சுத்தும். எனக்கு அன்னிலேர்ந்து சுத்துது. பதினோரு வருஷத்துல ஏழு போனா நாலு. அந்த நாலு வருஷத்துல என்ன நடந்தது?

நீங்க பொய்ச் சத்தியம் பண்ண மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். அதனாலதான் பயமா இருக்கு. அவரைப் பார்த்தீங்களா? எங்கே? எப்போ? எனக்கு மூடி மறைச்சு எழுதாதீங்க. இடுப்பளவு தோண்டிப் பார்த்தாங்களே என் வீட்டை, இனிமே எனக்கு மறைக்க என்ன இருக்கு?

பதிலுக்குக் காத்திருக்கேன்.

*

ஜூலை 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. போன் அடித்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் எத்தனையோ தாளைக் கிழித்தாயிற்று.

தம்பி இப்போது உயிரோடு இல்லை. போய் ஒன்பது வருஷமாகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டை விட்டுப் போன மூன்றாம் நாள் என் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பையும் இல்லை. "என்னடா, சொல்லாம கொள்ளாம?" என்றேன். "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றான். குடித்துவிட்டு அப்படியே படுத்துத் தூங்கினான். எழுந்ததும் கேட்டேன், ஏன் என்று. "தெரியலைக்கா. லிஃப்ட்டைத் திறந்தேன், உள்ளே போகக் கால் வரலை. பையை வச்சுட்டு பஸ் ஏறிட்டேன். இறங்கணும்னுதான் நினைச்சேன். ஒவ்வொரு ஸ்டாப்பா போயிடுச்சு" என்றான். "அவ என்ன பண்ணினா?" என்றேன். "அவ மேல ஒண்ணும் இல்லை. நல்லவ" என்றான். "அப்போ கிளம்பு, நானும் வரேன்" என்றேன். "அனுப்பினீன்னா தண்டவாளத்துல போய்ப் படுத்துடுவேன்" என்றான். எட்டு வயதில் தாயை இழந்து என் கையில் வளர்ந்தவன். அவன் சொன்னால் செய்வான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் போலீஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவனை வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டு உன்னிடம் வந்தேன். ஆம், உன் பின்கட்டை உடைத்தபோது எனக்குத் தெரியும். உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனே, அப்போது தெரியும். வாயைத் திறந்தால் ஒரு நொடி. திறக்கவில்லை. ஒரு வாரத்தில் மனசு மாறி அவனே வந்துவிடுவான் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குள் போலீஸிடம் "தெரியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு என் வேலை, என் பயம் என்று நாள் ஓடியது.

வேறு பெயர் வைத்துக்கொண்டு ஒரு மரக் கிடங்கில் மூட்டை, பலகை எடுத்து வைக்கிற வேலைக்குப் போனான். பக்கத்துத் தெருவில் ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிடுவான். உன்னைப் பற்றி நான் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். பாப்பாவைப் பற்றி மட்டும் ஒரு முறை கேட்டான், பல் விழ ஆரம்பித்திருக்குமா என்று.

இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை. முற்றிப் போய்த்தான் என்னிடம் சொன்னான். என் வார்டிலேயே சேர்த்தேன், அந்த வேறு பெயரில். பதினோரு நாள். உறவினர் என்ற இடத்தில் "யாரும் இல்லை" என்று நான்தான் எழுதினேன். நகராட்சி ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். நர்ஸ் என்ற முறையில் வாசல் வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை. நீ எது செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அண்ணி

*

ஆகஸ்ட் 21

உங்களுக்கு,

இனிமே என்னைத் தங்கச்சின்னு எழுதாதீங்க.

உங்க கடிதத்தைக் கடையில வச்சுத்தான் படிச்சேன். படிச்சுட்டு வேலையைத்தான் பார்த்தேன். வரிசையா நாலு லென்ஸ் உடைஞ்சது. முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். அந்த வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு தெரியாம பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்திருந்தேன்.

என் மேல ஒண்ணும் இல்லை, நல்லவன்னு சொன்னாராமே. ஏதாவது கோபம் இருந்திருந்தாத் தேவலை. நான் இன்னது செஞ்சேன், அதனால போனார்னு மனசு ஆறியிருக்கும். ஒண்ணுமே இல்லாமயா ஒரு மனுஷன் எங்களைத் தூக்கிப் போட்டுட்டுப் போவார்?

பாப்பாவோட ஸ்கூல்ல அவ பக்கத்துல உக்கார மாட்டேன்னுதுங்க பிள்ளைங்க. "உங்கம்மா உங்கப்பாவைப் புதைச்சுட்டா"ன்னு. மூணு ஸ்கூல் மாத்தினேன். எந்த ஸ்கூல்னு சண்டை போட்டோமோ அதுல கடைசி வரை சேர்க்கவே முடியலை. அந்த ஞாயித்துக்கிழமைங்கள்ல நீங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. என்ன சமைச்சீங்கன்னுகூட கேக்கணும்போல இருக்கு.

உங்க கடிதத்தை எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். கேட்டைத் தொட்டுட்டுத் திரும்பிட்டேன். உங்க மேல இரக்கம்னு நினைச்சுடாதீங்க. உள்ளே போனா, "புருஷன் உன்னை வேண்டாம்னு போயிட்டானா?"ன்னு அந்த இன்ஸ்பெக்டர் ஒரு சிரிப்பு சிரிப்பார். கொலைகாரின்னு பார்த்த பார்வையைத் தாங்கிட்டேன். அந்தச் சிரிப்பைத் தாங்க மாட்டேன்.

நீங்க திருத்திக் குடுத்த பத்திரத்தையே கோர்ட்ல போட்டாச்சு. அதைக் காட்டித்தான் கட்டடத்துக்காரங்களை உத்தரவு வர்ற வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். எனக்கு வீடு வேணும். அவர் செத்ததும் நிஜம்தானே.

பாப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன். அது என் பாடு. நீங்க வாயைத் திறக்க வேண்டாம். உங்களுக்குப் பழக்கம் இல்லாத காரியம் இல்லையே அது.

*

அக்டோபர் 18

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கீங்க? நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லை, வயித்து வலி திரும்ப ஆரம்பிச்சிருக்கு. நான் உங்களுக்கு எழுதறது அம்மாவுக்குத் தெரியாது.

கோர்ட் உத்தரவு போன வாரம் வந்துடுச்சு. அப்பா இறந்துட்டதாகக் கருதப்படுகிறார்னு போட்டிருக்கு. கருதறதுக்கு அவங்க யார் அத்தை? எங்கே, எப்படின்னு ஒரு வார்த்தைகூட இல்லை. நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தீங்க. பரவாயில்லை, வீட்டுக்காகப் போட்டீங்கன்னு எனக்குப் புரியுது. கோபம் இல்லை.

அம்மா ரொம்ப மாறிட்டாங்க. முன்னெல்லாம் நான் நோட்டீஸ் ஒட்டப் போனா பசை காய்ச்சிக் குடுப்பாங்க. இப்போ கடைக் கதவுல இருந்ததை அவங்களே கிழிச்சுப் போட்டுட்டாங்க. அப்பா பேச்சை எடுத்தா எழுந்து போயிடுறாங்க. களைச்சுப் போயிட்டாங்கன்னு நினைக்கிறேன். அதனால இனி நான் ஒருத்தியே தேடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

தீராத பழைய கேஸுங்களை எடுத்துத் தேடுற ஒரு குழு இருக்கு. அவங்ககிட்டப் பேசினேன். சொந்தக்காரங்க யாரும் இல்லாம ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க பட்டியலை முதல்ல பாருங்கன்னு சொன்னாங்க. எனக்கு உடனே உங்க ஞாபகம்தான் வந்தது. உங்களுது பெரிய ஆஸ்பத்திரி. அப்பா காணாமப் போன வருஷத்துலேர்ந்து ஒரு மூணு வருஷ ரிஜிஸ்டரைப் பார்க்க முடியுமா? உங்களால முடியாதுன்னா அனுமதி மட்டும் வாங்கிக் குடுங்க, டிசம்பர் லீவுல நானே வந்து உக்காந்து பார்க்கிறேன்.

அப்பா உயிரோட இருந்தா எப்படியும் வந்திருப்பார் அத்தை. வரலைன்னா, வர முடியாம என்னமோ தடுத்திருக்கு. அது என்னன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. உங்களைத் தவிர யாரையும் நம்பிக் கேக்க முடியலை.

அன்புடன்,
பாப்பா

*

நவம்பர் 1

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். மருந்தை விடாதே. பாப்பா எனக்கு எழுதிய கடிதத்தின் நகல் இதனுடன் இருக்கிறது. படித்துப் பார். நீ இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. அந்த ரிஜிஸ்டர் பதிவு அறையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.

இந்த முறை நானாக எதுவும் மறைக்க மாட்டேன், நானாக எதுவும் சொல்லவும் மாட்டேன். என்ன எழுதட்டும், சொல்.

*

நவம்பர் 9

அண்ணிக்கு,

மூணு தடவை ஆரம்பிச்சேன். முதல் தடவை பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தா, விட்டுட்டேன். ரெண்டாவது தடவை, "பாப்பா, அப்பாவைப் பத்தி"ன்னு வாயெடுத்ததும், "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"ன்னு முகமெல்லாம் மலர்ந்து திரும்பினா. "ஒண்ணுமில்லை, ஞாபகம் வந்தது"ன்னுட்டேன். மூணாவது தடவை அவ தூங்கிட்டிருந்தா. தூங்கறவகிட்டக்கூட சொல்ல முடியலை.

செத்துட்டார்னு சொல்லிடலாம். அழுவா, தேறிடுவா. எங்கே செத்தார்னு கேப்பா. ஒரு பகல் பஸ் தூரத்துலன்னு சொல்லணும். ரெண்டு வருஷம் அங்கே நடமாடிக்கிட்டு இருந்தார், உன்னைப் பார்க்க வரணும்னு தோணலைன்னு சொல்லணும். "அப்பா உயிரோட இருந்தா எப்படியும் வந்திருப்பார்"னு எழுதியிருக்காளே, அந்த ஒரு வரியிலதான் அவ நிக்கறா. அதை நான் எப்படி அடிப்பேன்?

கோர்ட்ல என்னைக் கூண்டுல ஏத்தி, "உங்க கணவரைப் பத்தி ஏதாவது தகவல் உண்டா?"ன்னு கேட்டாங்க. உங்க கடிதம் கைப்பையில இருந்தது. "எதுவும் இல்லை"ன்னேன். குரல்கூட நடுங்கலை. நீங்க எப்படி என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. புரிஞ்சதால உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க.

அவளை அங்கே வர விடாதீங்க. பழைய ரிஜிஸ்டர் எல்லாம் பார்த்தாச்சு, அப்பா பேர்ல யாரும் இல்லைன்னு எழுதுங்க. அது பொய்கூட இல்லை. அவளுக்குச் சந்தேகம் வராதபடி எழுதுங்க, உங்களுக்கு அது கைவந்த வேலை. எழுதினதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்க. நாளைக்கு அவ என்னைக் கேட்டா நானும் அதையேதான் சொல்லணும்.

உடம்பைப் பார்த்துக்குங்க. முழங்காலைக் கவனிங்க. இந்த விஷயம் தெரிஞ்ச ஆள்னு எனக்கு இருக்கிறது இனி நீங்க ஒருத்தர்தான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி